படிவம் போகிறது, பதில் வருவதில்லை

சென்ற மாதம் ஒரு மாலை. களையெடுப்பு முடிந்து வந்த கையோடு ஒரு தாய் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினார் அந்தத் தாய்.

"அக்கா, பள்ளிக்கூடத்துல பாப்பாவுக்கு ஊசி போடணுமாம். நாளைக்குள்ள கையெழுத்து வேணும்னு குடுத்துவிட்டிருக்காங்க. போட்டுக் குடுக்கலாமா?"

அது ஓர் ஒப்புதல் படிவம். மாணவி பெயர், வகுப்பு, ஆதார் எண், செல்போன் எண், பெற்றோர் கையெழுத்து என்று நிரப்ப வேண்டிய இடங்கள் இருந்தன. ஊசியின் பெயர் மட்டும் மூன்று ஆங்கில எழுத்துகளில் இருந்தது. எந்த நோய்க்கான ஊசி, போட்ட பிறகு காய்ச்சலோ மயக்கமோ வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. மகளைக் கேட்டேன். "கேன்சர் வராம இருக்கன்னு மிஸ் சொன்னாங்க" என்றாள். அம்மாவுக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. "எம்புள்ளைக்கு எதுக்குக் கேன்சர் வரப்போவுது? யாருக்குடி இருக்கு?" என்று மகளையே அதட்டினார்.

ஊசியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நல்ல ஊசி. ஹெச்.பி.வி. என்பது ஒரு வைரஸ். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்கு ஏறத்தாழ எல்லா நேரமும் இந்த வைரஸ்தான் காரணம். உலக அளவிலான 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கிறது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருக்கிறார்கள். சிறு வயதிலேயே தடுப்பூசி போட்டால் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். வெளியில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டு வந்த ஊசி இது. வசதியுள்ள வீட்டுப் பெண் குழந்தைகள் பல ஆண்டுகளாகவே போட்டு வருகிறார்கள். 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டது. காலனிப் பிள்ளைகளுக்கும் அது இலவசமாகக் கிடைப்பது சமூகநீதிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தத் தாயின் கேள்வி ஊசியைப் பற்றியது மட்டுமல்ல. இது என்ன தாள், என்னிடமிருந்து எதை வாங்கிக்கொண்டு போகிறது, திரும்ப எனக்கு என்ன வரும் என்பதுதான் அவர் கேட்டது. நம் மக்கள் இதைக் கேட்கும்போது "படிக்காதவர்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்கள்" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் இதே ஊசியைச் சுற்றியே இருக்கிறது.

2009-ஆம் ஆண்டு, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று தொடங்கியது. 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளுடன் சேர்ந்து நடத்தின. கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 சிறுமிகள். அதில் பத்ராசலம் பகுதியின் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி மாணவிகள் ஏராளம். திட்டம் நடந்த காலத்தில் இரு மாநிலங்களிலும் சேர்த்து 7 சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமல்ல என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கருத்துச் சொன்னது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான சிறுமிகள் இதே ஊசியைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே ஊசியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை.

குற்றம் தாள்களில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் வைத்த 72-ஆவது அறிக்கையை அரசியல் படிக்கும் மாணவர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-இல் கைரேகை. 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் தலைமையாசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும். பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாமலே பிள்ளையின் உடம்புக்கு இன்னொருவர் ஒப்புதல் தந்திருக்கிறார். ஊசிக்குப் பிறகு யாருக்கு என்ன ஆனது என்று கவனித்துப் பதிவு செய்யும் ஏற்பாடும் சரியாக இல்லை என்பது குழுவின் இன்னொரு கண்டனம். 'இது மருந்து ஆய்வு அல்ல, செயல்விளக்கத் திட்டம்தான்' என்று நடத்தியவர்கள் சொன்னதைக் குழு ஏற்கவில்லை. பெயரை மாற்றி வைத்தால் விதியிலிருந்து தப்பிவிடலாம் என்ற கணக்கு அது.

ஊசிதான் காரணம் என்று பயந்த ஊரிடம் 'இல்லை' என்று நிரூபித்துக் காட்ட ஒரு பதிவேடு வேண்டாமா? அது ஒழுங்காக இல்லாததால்தான் வதந்தி வென்றது. இன்றுவரை அந்த வதந்தி வாட்ஸ்அப்பில் தமிழிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விடுதிக் காப்பாளர் கையெழுத்து என்று படித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. நானும் அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். வருடம் ஒருமுறை மருத்துவ முகாம் என்று வரிசையில் நிற்க வைப்பார்கள். எடை, உயரம் பார்ப்பார்கள், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார்கள், நீளமான நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார்கள். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட, உனக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கல்லூரி சேர்ந்த பிறகு மயங்கி விழுந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அந்த நோட்டில் என் பெயருக்கு நேராக என்ன எழுதியிருந்தார்களோ, அது எனக்காக எழுதப்பட்டதல்ல.

கம்மம் தூரம் என்று நினைப்பவர்களுக்கு நம் திண்டுக்கல்லைச் சொல்கிறேன். இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி உலகம் மதிக்கும் ஆய்வுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தது. 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களை அழைத்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதனை செய்தார்கள். பெரிய கருவி ஒன்றும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் உடனே சிகிச்சை. மற்ற 57 பகுதிகளில் இருந்த சுமார் 31,000 பெண்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. வழக்கமாக என்ன வசதி உண்டோ அதுதான்.

ஏழாண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரே ஒருமுறை செய்த சோதனையில் இவ்வளவு பலன். 2007-இல் 'தி லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஒரு செவிலியரும் ஒரு புட்டி வினிகரும் உயிரைக் காக்கும் என்று ஏழை நாடுகளுக்கெல்லாம் சொன்னவர்கள் நம் மாவட்டத்துக் கூலிக்காரப் பெண்கள். இதில் எனக்குப் பெருமை உண்டு.

பெருமையோடு ஒரு முள்ளும் உண்டு. திண்டுக்கல், மும்பை, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆகிய இடங்களில் நடந்த மூன்று ஆய்வுகளிலும் சோதனை இல்லாமல் விடப்பட்ட குழுக்களில் குறைந்தது 254 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா எண்ணிக்கையோடு எழுதினார். சோதனை பலன் தரும் என்று முன்பே தெரிந்திருக்கையில், ஏன் ஒரு பகுதியைச் சும்மா விட்டு இறப்புகளை எண்ணினீர்கள் என்பது அவர் கேள்வி. மும்பை ஆய்வில் பெண்களுக்குத் தரப்பட்ட விளக்கம் போதுமானதல்ல என்று அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகமே சொன்னது. ஆய்வாளர்களின் பதிலையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு இந்தியக் கிராமத்தில் எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சோதனை இல்லை. ஆகவே நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்றார்கள்.

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அதில் பிழை காண்பது கடினம். ஆனால் 'உங்களுக்கு ஏற்கெனவே ஒன்றும் இல்லை, ஆகவே ஒன்றும் கொடுக்காதது தவறில்லை' என்பதுதான் அதன் சாரம். பொதுக் கிணறு இல்லாத தெருவைப் பார்த்து, உங்களுக்குத்தான் தண்ணீர் எடுத்துப் பழக்கமில்லையே என்று சொல்வது போல. இல்லாமையை அளவுகோலாக வைத்தால், இல்லாதவர்கள்மீதுதான் ஆய்வுகள் வந்து விழும்.

அதைவிட என்னை உறுத்துவது, ஆய்வுக்குப் பிறகான கணக்கு. 2007-இல் முடிவு தெரிந்துவிட்டது. அரசும் சும்மா இருக்கவில்லை. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுபோனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களைக் கேட்டபோது, வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். இந்தியச் சராசரி 1.9 என்பதால், நம்முடையதே உயர்ந்த எண்ணாகப் பாராட்டப்படுகிறது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு, தன் மாநிலத்துப் பெண்களின் உடம்பில் கண்டறிந்த உண்மை, தன் உடம்புக்கு வந்து சேரவில்லை.

அந்தத் தொண்ணூறில் நம் பெண்கள் எத்தனை பேர்? இங்கேதான் தலித் மக்களின் கணக்கு இருட்டில் கிடக்கிறது. நம்மைப் பற்றி எழுதிக்கொள்ளாத அலுவலகம் இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடைக்காது. ஆனால் எந்தச் சமூகத்துப் பெண்கள் எந்த நோயால் எந்த வயதில் இறக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. நாட்டின் பிறப்பு இறப்பு விகிதங்களைச் சொல்லும் மாதிரிப் பதிவு முறை, ஆயுட்காலத்தை ஆண் பெண் என்றும் நகரம் கிராமம் என்றும் பிரித்து வெளியிடுகிறது, சாதிவாரியாக வெளியிடுவதில்லை.

அரிதாகக் கிடைத்த பதில்கள் என்ன சொல்கின்றன? ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது. மேடைகளில் நாம் அடிக்கடி சொல்லும் எண் இது. மாணவர்கள் இதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்: இறக்கும் சராசரி வயது வேறு, ஆயுட்காலம் வேறு. இளையோர் அதிகமுள்ள சமூகத்தில் முதல் எண் தானாகவே குறைவாகத் தெரியும். இன்னும் நிதானமான கணக்கு 2022-இல் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஒன்பது மாநிலங்களில், சுமார் 2 கோடிப் பேர் பற்றிய தரவுகளைக் கொண்டு, தலித்துகளின் ஆயுட்காலம் உயர்சாதி இந்துக்களைவிட 3 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, பழங்குடியினருக்கு 4 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். வறுமையைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுதாக மறையவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் எண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சாதியை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினால் இன்னும் கேவலமாக நடத்துவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். சீட்டில் எழுதச் சொல்லவில்லை. சீட்டு எழுதுபவருக்குத் தெருப் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். தனி ஆளின் பெயர் வெளியே வராமல், வட்டார அளவில் எண்ணிக்கையை மட்டும் சமூகவாரியாகக் கூட்டி வெளியிடலாம். தாய்சேய்ப் பதிவேட்டில் எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று பிரித்துக் குறிக்கத்தான் செய்கிறார்கள். குறித்ததைக் கூட்டிச் சொல்வதில் என்ன சிரமம்?

நல்ல பதிவு முறை என்றால் கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கும் கணினி என்று நினைக்க வேண்டாம். 1995 ஜனவரியிலிருந்து இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தரும் நிறுவனம் அது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள், வங்கிப் பாஸ்புக் போலவே. இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம். மாவட்டக் கிடங்கில் எடுக்கும்போதெல்லாம் அதில் பதிந்து, மீதியைக் காட்டுவார்கள். மருந்தாளுநர் அதைப் புரட்டினாலே நிலவரம் தெரிந்துவிடும். அதன் பின்னால் கணினிக் கணக்கும் இருந்தது. ஆனால் பயன்படுத்துபவர் கையில் இருந்தது அவரால் படிக்க முடிந்த ஒரு புத்தகம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படியெடுத்துக்கொண்டு போயின. மருந்து மாத்திரைக்கு இருக்கும் இந்த மரியாதை, மாத்திரை விழுங்கும் மனுஷிக்கு ஏன் இல்லை?

ரேஷன் கடையையும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, பொருள் வாங்கியதும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. 'வாங்காத பருப்புக்கு மெசேஜ் வந்திருக்கே' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன கிழவிகளை எனக்குத் தெரியும். தகவல் அவர்கள் கைக்குத் திரும்பி வந்ததால்தான் அந்தச் சண்டையே சாத்தியமானது.

இதற்கு நேர்மாறு, கொரோனா காலத்துக் கோ-வின். 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுள்ளவர்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். ஆங்கிலத்தில் இருந்த தளம். செல்போனில் விரல் ஓடுகிறவர்களுக்கு நாள் கிடைத்தது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிராமத்தில் இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் விதி தளர்ந்தது. பிறகு ஜூனில் மற்ற இந்திய மொழிகளைச் சேர்த்தபோது, முதலில் வந்த பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே சேர்த்தார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்தூரிலிருந்து ஒரு மக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், மருந்து ஆய்வுகளில் ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள், விளக்கத்தாள் சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகளையெல்லாம் பதியும் அரசுப் பதிவேடு 2007-இல் தொடங்கியது; 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் ஆங்கிலத்தில்தான் பார்க்க முடியும். கல்லூரி மாணவர்கள் உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எந்த மருத்துவமனையில் என்ன ஆய்வு நடக்கிறது என்று தெரிந்தால், அதை நாலு வரித் தமிழில் எழுதி ஊர் நூலகத்தில் ஒட்டுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட சுகாதார அலுவலரின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், உங்கள் வட்டாரத்தில் எத்தனை பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்யப்பட்டது, அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை, சந்தேகம் என்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்று கேட்கலாம். 'சமூகவாரியாகத் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். அதுவும் ஒரு சான்றுதான்.

விடுதி மாணவிகள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெற்றோர் சம்மதம் கேட்கும் படிவத்தில் காப்பாளர் கையெழுத்துப் போடக் கூடாது. பெற்றோர் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருந்தால் செல்போனில் கூப்பிட்டு விளக்கிச் சொல்லி, அவர்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்கட்டும். ஒரு வாரம் தாமதித்தால் ஊசி கெட்டுப்போகாது. அந்தப் பெண்ணையும் கேட்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொன்னால் புரியும்.

அன்று மாலை அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஊசி நல்லது, போடலாம், ஆனால் நாளைக்கே வேண்டாம், நர்ஸ் அம்மாவை வரச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றேன். நானே கிராம சுகாதார செவிலியருக்குப் போன் செய்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். நாலு கிராமங்களைத் தனி ஆளாகச் சுற்றி, இரவில் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் விவரம் ஏற்றுகிற பெண் அவர். சொன்னபடியே வந்தார். காலனி வேப்பமரத்தடியில் பதினோரு தாய்மார்கள் கூடிவிட்டார்கள். என்ன நோய், ஏன் இந்த வயதில், கை வீங்கினால் என்ன செய்வது, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று அரைமணி நேரம் பேசினார். "உங்களுக்கும் முப்பது தாண்டியாச்சு, நீங்களும் ஒருநாள் வந்து பாத்துக்கணும்" என்றபோது எல்லோரும் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்கள். ஆனால் மூன்று பேர் கிழமை கேட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தாய் படிவத்தைத் தரையில் வைத்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் கொடுக்கவில்லை. மகளின் பக்கம் திரும்பி, "அந்த போனை எடு, இதை ஒரு படம் புடி. நர்ஸம்மா நம்பரையும் அதுலயே எழுதி வை" என்றார்.